வலது லேனிலேயே ஓட்டியதற்கு அபராதம் போட்டார்கள், இது நியாயமா?

ஜனவரி 19, 2025

வாசகர் ஒருவரின் கேள்வி: “பொங்கல் முடிந்து திருச்சியிலிருந்து தஞ்சாவூர் திரும்பினேன். வாழவந்தான்கோட்டை டோல்கேட் தாண்டியதிலிருந்து வலது லேனில் 75, 80க்குள் சீராகப் போய்க்கொண்டிருந்தேன். வல்லம் வருவதற்கு முன்னால் ரோந்து வண்டி நிறுத்தியது. ஸ்பீடு கேஸ் என்று நினைத்தேன். இல்லையாம். ‘யாரையும் முந்தலை, ஆனா ரைட்லயே ஓட்டிட்டு வர்றீங்க, பின்னால எத்தனை வண்டி நிக்குது பாருங்க’ என்று சொல்லி 500 ரூபாய் சலான் கொடுத்தார்கள். ஸ்பீடு லிமிட்டைத் தாண்டாதவனுக்கு எதற்கு அபராதம்? ரோட்டுக்கு வரி நானும்தானே கட்டுகிறேன்? இதைக் கோர்ட்டில் எதிர்க்கலாமா?”

ஜனவரி 19, இரவு

சலான் சரிதான். கோபப்படாமல் கேளுங்கள்.

மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் 2017ல் வந்தன. அதற்கு முன்னால் இருந்தவை 1989ஆம் ஆண்டு விதிகள். இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: வண்டியை இடப்பக்கம் ஒட்டி ஓட்ட வேண்டும், முந்துவதென்றால் வலப்பக்கமாக முந்த வேண்டும். நாலு வழிச் சாலையில் மீடியனை ஒட்டிய லேன் முந்துவதற்காக இருப்பது. முந்தினோமா, இடது லேனுக்குத் திரும்பினோமா என்று இருக்க வேண்டும். நீங்கள் 60ல் போனீர்களா 80ல் போனீர்களா என்பது வேறு கணக்கு, அதற்கு வேறு பிரிவு. லேன் ஒழுங்குக்கு 177ஏ என்று ஒரு பிரிவு 2019 திருத்தத்தில் வந்தது, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் வரை. உங்களுக்குப் போட்டது இருப்பதிலேயே குறைந்த தொகை.

எதிர்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ‘லிமிட்டுக்குள்தான் போனேன்’ என்று எதிர்த்தால் நிற்காது. ‘இடது லேனில் போக வழியில்லாமல் இருந்தது’ என்றால் அது வேறு வாதம். அதற்கு டேஷ்கேம் பதிவோ போட்டோவோ வேண்டும்.

வரி கட்டுகிறேன் என்பதும் சரியாக வராது. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்த பிறகும் இலையை மூடாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவரும் மொய் வைத்தவர்தான். பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்கு நிற்கிறவர்களும் மொய் வைத்தவர்கள்தான்.

ஜனவரி 20

‘வலது லேனில் மெதுவாகப் போவதால் யாருக்கு என்ன நஷ்டம், பின்னால் வருகிறவர் ரெண்டு நிமிஷம் லேட்டாகப் போகட்டுமே’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த எண்ணம்தான் எனக்குப் பெரிய கவலை. நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். கும்பகோணம், பாபநாசம், அய்யம்பேட்டைப் பக்கமிருந்து திருச்சி ஏர்போர்ட் சவாரிதான் அதிகம். நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

விடியற்காலை நேரம், செங்கிப்பட்டிப் பக்கம். எனக்கு முன்னால் வலது லேனில் ஒரு கன்டெய்னர், 60க்கு மேல் போகவில்லை. இடது லேன் காலி. நான் டிம் அடித்துக் காட்டிவிட்டு இடைவெளி விட்டுப் பின்னாலேயே வந்தேன். எனக்குப் பின்னால் வந்த வெள்ளைக் கார் பொறுக்க முடியாமல் சரக்கென்று இடது லேனுக்கு இறங்கி வேகம் எடுத்தது. அதே சமயம் இடப்பக்கம் ஊர்ச்சாலையிலிருந்து ஓர் அம்மா ஸ்கூட்டியில் ஹைவேயில் ஏறுகிறார். காலடியில் ஒரு பால் கேன், பின்னால் கட்டியது ஒன்று. அவர் வலப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். அவருக்குத் தெரிந்தது கன்டெய்னர் மட்டும், அதுவும் அந்தக் கடைசி லேனில் போகிறது. அதன் மறைவிலிருந்து ஒரு கார் இந்தப் பக்கம் வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

கார்க்காரர் பிரேக்கை மிதித்தார். அம்மா ஹேண்டிலை ஒடித்து மண் ஓரத்தில் சரிந்துவிட்டார். பின்னால் கட்டியிருந்த கேன் கயிறு அறுந்து உருண்டு, மூடி கழன்று, பால் தார் ரோட்டில் ஓடி ஓரத்து மண்ணுக்குள் இறங்கியது. முழங்கையில் சிராய்ப்பு, அத்தோடு போயிற்று. எழுந்து உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்டது அந்த இன்னொரு கேன் சாயவில்லையே என்றுதான்.

கன்டெய்னர் ஓட்டியவருக்கு இது எதுவுமே தெரியாது. அவர் அதே 60ல் போய்க்கொண்டிருந்தார்.

வலது லேனை அடைத்துக்கொண்டு போனால் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் பொறுமையாக வரமாட்டார்கள். பாதிப் பேர் இடது பக்கமாக ஏறுவார்கள். நம் ஊரில் இடது பக்கம் யார் இருக்கிறார்கள்? சைக்கிள், டிவிஎஸ் எக்ஸெல்லில் புல்லுக்கட்டு, பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள். வேகமாகப் போக ஆசைப்படுகிறவரை அவர்கள் மேல் திருப்பிவிடுவதுதான் வலது லேனில் ஒட்டிக்கொண்டு போவதன் பலன். ரெண்டு நிமிஷம் லேட்டாவது ஒரு விஷயமே இல்லை.

சட்டத்தில் இடப்பக்கமாக முறைகேடாக முந்துகிறவருக்குத்தான் அதிகத் தண்டனை. 184ஆம் பிரிவில் அது ஆபத்தான ஓட்டுதல்: முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 வரை அபராதம், இல்லையென்றால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் விழலாம். அது சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் காரை இடப்பக்கம் தள்ளியவருக்கு 500 ரூபாய் போட்டதைப் போய் அநியாயம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

ஜனவரி 20, மாலை

அவசரக்காரர்களுக்கும் ஒரு கணக்கு. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சுமார் 55 கிலோமீட்டர். முழுத் தூரமும் 80ல் போனால் 41 நிமிடம், 90ல் போனால் 37 நிமிடம். நடுவில் இருப்பது ஒரு டீ ஆறுகிற நேரம்கூட இல்லை. இடப்பக்கம் ஏறுவதற்கு முன்னால் இந்த நாலு நிமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 23

மன்னார்குடிக்காரர் கேட்டிருக்கிறார்: “அப்போ 120ல் வருகிறவனுக்கு ரோட்டை எழுதிக் கொடுத்துடணுமாண்ணே?”

எழுதிக் கொடுக்க வேண்டாம் தம்பி. ஒதுங்கினால் போதும். அவர் வேகத்துக்கு கேமரா இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. அவரைத் தடுத்து நிறுத்தும் வேலையை நாம் எடுத்துக்கொண்டால் அடிபடுவது நாமாகவோ இடது ஓரத்தில் போகிற மூன்றாமவராகவோ இருக்கும்.

நான் ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் துபாயில் கம்பெனி வண்டி ஓட்டினேன். அங்கே வலப்பக்கம் ஒட்டி ஓட்டுகிற நாடு, அதனால் முந்துகிற லேன் இடது ஓரத்தில் இருக்கும். பின்னால் வருகிறவர் லைட் அடித்தால் வழி விட்டாக வேண்டும், விடாவிட்டால் 400 திர்ஹாம். அதே மாதிரி முன்னால் போகிறவரின் பம்பரை முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறவருக்கும் 400 திர்ஹாம், கூடவே லைசென்சில் நாலு கரும்புள்ளி. எனக்குப் பிடித்தது இதுதான். அடைக்கிறவரையும் பிடிக்கிறார்கள், மிரட்டுகிறவரையும் பிடிக்கிறார்கள். ஒருவரை மட்டும் பிடித்தால் மற்றவருக்குத் திமிர் வந்துவிடும்.

அபுதாபியில் இன்னும் ஒருபடி மேலே. ஷேக் முகமது பின் ராஷித் ரோட்டில் அதிகபட்சம் 140, இடப்பக்கத்து இரண்டு லேன்களில் குறைந்தபட்சம் 120. அதற்குக் கீழே போனால் 400 திர்ஹாம், 2023 மே மாதத்திலிருந்து. நம் ஊருக்கு இது பொருந்தாது. அங்கே ஹைவேயில் மாடு வராது, கதிர் அறுக்கிற மிஷின் வராது.

பிப்ரவரி 9

லாரிக்காரர்களைத் திட்டி நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். நேற்று ராத்திரி சவாரி முடிந்து திரும்பும்போது துவாக்குடி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். பக்கத்தில் ஜல்லி லோடு இறக்கிவிட்டு வந்த ஒரு டிப்பர் டிரைவர். என்னைவிட வயதில் பெரியவர். “அண்ணே, தப்பா நினைக்காதீங்க, எதுக்கு எப்பவும் ரைட்லயே போறீங்க?” என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, நாங்கள் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டிக் காட்டினார்.

இடது லேனில் ஒரு லாரி நிற்கிறது, பின்னால் ஒரு சிவப்பு லைட்டும் இல்லை, ஒரு மரக்கிளையை ஒடித்துக் கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டி சாப்பாட்டுக் கடை வாசலில் வரிசையாக நாலு வண்டி, பாதி உடம்பு ரோட்டின் மேல். அதற்கும் அப்பால் எதிர்த்திசையில் ஒரு பைக், மீடியன் இடைவெளிக்குச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு ஓரமாகவே வருகிறது. “இது எல்லாம் லெஃப்ட்ல இருக்கு தம்பி. லெஃப்ட்ல போனா நூறு பிரேக்கு. லோடோட பிரேக் அடிச்சு மறுபடி இழுக்கணும், டீசல் யார் குடுப்பா? அது போகட்டும். இருட்டுல அந்த நிக்கிற வண்டியில போய்ச் சொருவினா என் புள்ளைங்களுக்கு யார் பதில் சொல்லுவா? ரைட்ல போனா திட்டுதான் கிடைக்கும்.”

அவர் சொன்னதை மறுக்க எனக்கு வார்த்தை வரவில்லை. அதோடு, லோடு வண்டிகள் ஓடி ஓடி இடது லேனில் சக்கரத் தடம் அமுங்கி வாய்க்கால் மாதிரி கோடு விழுந்திருக்கிறது. மழைக்காலத்தில் அதில் தண்ணீர் தேங்கி ஸ்டியரிங் இழுக்கும். இது நானே ஓட்டிப் பார்த்து அறிந்தது.

இன்னொரு காரணமும் அவர் சொன்னார். வாடகை லோடு வண்டிகளுக்கு ஸ்பீடு கவர்னர் 80ல் பூட்டியிருக்கிறது. 78ல் போகிற ஒரு லாரியை 80ல் போகிற லாரி முந்துகிறது என்று வையுங்கள். முழுசாகத் தாண்டி, பாதுகாப்பாக இடது பக்கம் வர ஒரு 50 மீட்டராவது கூடுதலாக முன்னேற வேண்டும். மணிக்கு 2 கிலோமீட்டர் வித்தியாசத்தில் அதற்கு ஒன்றரை நிமிடம் ஆகும். அந்த ஒன்றரை நிமிடத்தில் ரோட்டில் 2 கிலோமீட்டர் ஓடியிருக்கும். பின்னால் காரில் இருக்கிறவருக்கு ‘இவன் வேண்டுமென்றே அடைக்கிறான்’ என்று தோன்றும். அவர் உண்மையில் முந்திக்கொண்டுதான் இருக்கிறார். இது அபராதத்துக்குரியது இல்லை. ஆனால் 2 கிலோமீட்டர் வித்தியாசத்துக்காக ஒரு லாரி இன்னொரு லாரியை முந்த வேண்டுமா என்று அவரிடம் கேட்டேன். “அவன் பின்னாலயே போனா தூக்கம் வருது தம்பி” என்றார். இதற்கும் என்னிடம் பதில் இல்லை.

ஆக, ஜனவரியில் நான் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அபராதம் நியாயம்தான், ஆனால் ஒதுங்குவதற்கு இடம் இருக்கிற இடத்தில் மட்டும். இடது லேனில் நிற்கிற வண்டியை அகற்றாமல் வலது லேனில் போகிறவருக்குச் சலான் எழுதினால் பாதி வேலைதான் செய்ததாகும். ஒரே ரோந்து வண்டி இரண்டையும் செய்யலாம்.

பிப்ரவரி 10

முதலில் கேள்வி கேட்டவர் 500 ரூபாயைக் கட்டிவிட்டதாக எழுதியிருக்கிறார். அவர் போன நேரத்தில் இடது லேன் காலியாகத்தான் இருந்ததாம். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி.

இன்னொன்று. மீடியனில் அரளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற டேங்கர் வலது லேனில்தான் நின்றாக வேண்டும். அதைப் பார்த்துக் ஹாரன் அடிக்காதீர்கள். அந்த ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு ஓஸைப் பிடித்திருப்பார். ஆனால் டேங்கருக்குப் பின்னால் வெறும் சிவப்புக் கொடி போதாது. நல்ல தூரத்திலேயே கூம்பு வைக்க வேண்டும்.

பிப்ரவரி 16

சம்பா அறுவடை. கதிர் அறுக்கிற மிஷின்கள் ஊருக்கு ஊர் நகர்கின்றன. செயின் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். டயர் வண்டி தானே ஓடும், முன்னால் கத்திப் பகுதியைக் கழற்றாமல் வந்தால் ஒரு லேனில் அடங்காது. நம் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு லேன் 3.5 மீட்டர் அகலம், கத்திப் பகுதி அதைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். அது இடது லேனில் போனாலும் வலது லேனில் பாதியை எடுத்துக்கொள்ளும். அதன் பின்னால் நெல் ஏற்றிய டிராக்டர், அதன் பின்னால் வைக்கோல் லோடு, இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, பின்னால் லைட் இருக்கிறதா இல்லையா என்று வைக்கோலுக்குத்தான் தெரியும்.

இதுபோக ரோட்டோரத்தில் நெல் காயப்போடுகிறார்கள். கோபப்படுவதற்கு முன்னால் காரணத்தைப் பாருங்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். அறுத்த நெல்லை வைத்துக் காயவைக்கக் களம் எத்தனை ஊரில் இருக்கிறது? 40 கிலோ சிப்பம் ஒன்றை விற்றுக் காசு பார்க்க அவர் சர்வீஸ் ரோட்டையும் ஹைவே ஓரத்தையும் நம்பியிருக்கிறார். நான் கோபப்படுவது நெல்லைச் சுற்றி அடையாளத்துக்கு வைக்கிற கருங்கல்லின் மேல். நெல்லை அள்ளிக்கொண்டு போகும்போது கல்லை விட்டுவிட்டுப் போகிறார்கள். ராத்திரி பைக்கில் வருகிற பிள்ளைக்கு அது தெரியாது. வலது லேனுக்கு எல்லோரும் ஏறிவிடுவதில் அந்தக் கல்லுக்கும் பங்கு உண்டு.

தை, மாசியில் டெல்டாவில் லேன் சலான் போட்டால் விவசாயி மேல்தான் விழும் என்று திருவாரூர் நண்பர் எழுதியிருந்தார். டிராக்டர் இடது ஓரமாகத்தான் போகிறது, வலது லேனில் போவது அதை முந்திய பிறகும் திரும்பி வராத காரும் வேனும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

பிப்ரவரி 17

‘முந்தியாச்சு, எப்போது இடது பக்கம் திரும்புவது?’ ஒரு தங்கை கேட்டிருக்கிறார், இப்போதுதான் கார் ஓட்டப் பழகுகிறாராம். உள்ளே இருக்கிற நடுக்கண்ணாடியில் நீங்கள் முந்திய வண்டியின் இரண்டு ஹெட்லைட்டும் முழுசாகத் தெரிய வேண்டும். அப்புறம் இடது இன்டிகேட்டர், இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு பார்வை, தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் ஒரு பார்வை, பிறகு மெல்ல வாருங்கள். அந்தத் தோள் பார்வையை விடாதீர்கள். நம் ஊரில் பைக்காரர்கள் கண்ணாடியில் தெரியாத இடத்தில்தான் வருவார்கள்.

அடுத்து ஒரு லாரி 200 மீட்டரில் இருக்கிறதென்றால் உள்ளே வந்து உடனே வெளியே போக வேண்டாம், இரண்டையும் சேர்த்தே முந்திவிடலாம். பின்னால் யாரும் நெருக்காதவரை அதில் தவறில்லை.

ஏப்ரல் 20

அபுதாபியில் நான் ஜனவரியில் சொன்ன 120 குறைந்தபட்ச வேக விதியை இந்த மாதம் எடுத்துவிட்டார்கள். அய்யம்பேட்டை பாய் ஒருவர் ஏர்போர்ட் போகிற வழியில் சொன்னார், பிறகு செய்தியிலும் பார்த்தேன். போக்குவரத்து சீராகவும் லோடு வண்டிகள் சிரமமில்லாமலும் போக வேண்டும் என்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். வழிவிடாததற்கான 400 திர்ஹாம் அப்படியேதான் இருக்கிறது.

இது எனக்கு நல்ல பாடமாகப் பட்டது. குறைந்தபட்ச வேகம் என்று ஓர் எண்ணை எழுதி வைப்பதைவிட ‘பின்னால் வருகிறவருக்கு வழி விடு’ என்பதுதான் நிற்கிற விதி. 120ல் போகிறவரும் அடைக்கலாம், 60ல் போகிறவரும் அடைக்காமல் போகலாம்.

மே 4

லீவுக்கு வந்த குடும்பம் ஒன்றை அழைத்துக்கொண்டு வந்தேன். நியூஜெர்சியில் இருக்கிறார்கள், சொந்த ஊர் வலங்கைமான். வழியில் ஒரு வேன் வலது லேனை விடாமல் போனதைப் பார்த்து அந்த ஐயா சொன்னார், அவர்கள் மாநிலத்தில் இதற்கு 100 முதல் 300 டாலர் வரை அபராதம் என்று. 2013ல் உயர்த்தினார்களாம். ஒவ்வோர் அபராதத்திலும் 50 டாலரை எடுத்து, ஒதுங்கி ஓட்டச் சொல்லும் பலகைகள் வைக்கச் செலவிடுகிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு மனம் நிறைந்தது. நாம் கட்டுகிற 500 ரூபாயிலும் ஒரு பங்கு பலகைக்குப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நம் ரோட்டில் ‘கனரக வாகனங்கள் இடதுபுறம் செல்லவும்’ என்ற பலகை ஆங்காங்கே இருக்கிறது. காருக்குச் சொல்லும் பலகையை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் பல கார்க்காரர்கள் வலது லேன் தங்களுக்கென்றே போட்டது என்று நினைக்கிறார்கள்.

மற்ற நாடுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் நடு லேனில் காரணமில்லாமல் ஒட்டிக்கொண்டு போனால் 2013 ஆகஸ்டிலிருந்து 100 பவுண்டு, மூன்று புள்ளி. ஜெர்மனி ஆட்டோபானில் ஒதுங்காமல் மற்றவரைத் தடுத்தால் 80 யூரோ, ஒரு புள்ளி. ஜப்பானில் முந்தும் லேனிலேயே தொடர்ந்து போனால் காருக்கு 6,000 யென், ஒரு புள்ளி. எல்லா இடத்திலும் இது ஒரு குற்றம்தான், தஞ்சாவூர்க்காரரை மட்டும் யாரும் குறிவைக்கவில்லை.

ஜூன் 16

மேட்டூர் 12ஆம் தேதி திறந்தாயிற்று, குறுவைக்கு உழவு தொடங்கிவிட்டது. கேஜ் வீல் மாட்டிய டிராக்டரைத் தார் ரோட்டில் ஓட்டாதீர்கள், டிரெய்லரில் ஏற்றிப் போங்கள். அந்த இரும்புச் சக்கரம் கீறுவது இடது லேனைத்தான்.

இன்று எழுத வந்தது ஆம்புலன்ஸ் பற்றி. தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு நாலா பக்கமிருந்தும் 108 வந்துகொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை பார்த்தேன். வலது லேனில் ஒரு லாரி, இடது லேனில் ஒரு பஸ், இரண்டும் ஒரே வேகத்தில் ஜோடி போட்டுக்கொண்டு போகின்றன. பின்னால் 108 சைரன் போட்டபடி. லாரிக்காரர் முன்னால் ஏறி இடது பக்கம் வரவும் இல்லை, வேகத்தைக் குறைத்து பஸ்ஸுக்குப் பின்னால் போகவும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் பஸ் டிரைவர்தான் ஓரங்கட்டி நிறுத்தி லாரிக்கு இடம் கொடுத்தார். அந்த பஸ் டிரைவருக்கு என் வணக்கம்.

அவசர ஊர்திக்கு வழிவிடாவிட்டால் 194இ பிரிவின்படி 10,000 ரூபாய். யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்கள் வீட்டில் ஒருவராக நம்மை நினைத்துக்கொண்டால் பிரிவும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். செய்ய வேண்டியது: சைரன் கேட்டால் வலது லேனில் இருப்பவர் வேகத்தைக் குறைத்தாவது இடது பக்கம் வர வேண்டும். இடது லேனில் இருப்பவர் அவரை உள்ளே விட வேண்டும்.

ஜூன் 17

‘யூ டர்ன் எடுக்கிறவர்களும் வலது லேனை அடைக்கிறார்களே’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், மீடியன் இடைவெளியில் யூ டர்ன் எடுக்க ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு முன்னாலேயே வலது பக்கம் ஏறிக்கொள்பவர்கள் நிறைய. கடைசி நேரத்தில் யாரும் விடமாட்டார்கள் என்ற பயம். விட்டுக்கொடுத்தால் அந்தப் பயம் போகும்.

ஆகஸ்ட் 3

சேத்தியாத்தோப்பு முதல் சோழபுரம் வரை நாலு வழிச் சாலையை ஜூலை 26 அன்று தூத்துக்குடி விழாவில் பிரதமர் திறந்துவைத்தார். 50 கிலோமீட்டர், 2,350 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. கொள்ளிடத்தின் மேல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நாலு வழிப் பாலம், மூன்று புறவழிச் சாலைகள். கும்பகோணத்திலிருந்து சென்னை போகிறவர்களுக்கு எத்தனை வருடக் கனவு! பழைய ரோட்டில் ஒரு கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டினால் அடுத்த ஊர் வரை அதன் தோகையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியிருந்தது.

ஓட்டிப் பார்த்தேன். ரோடு அருமை. இடது லேன் வழவழவென்று இருக்கிறது, பள்ளம் இல்லை, தடம் இல்லை. அப்படியும் பாதி வண்டிகள் வலது லேனில்தான் போகின்றன. ஏன் என்று யோசித்தேன். ரெண்டு வழி ரோட்டில் ஓட்டிப் பழகியவர்களுக்கு நடுக்கோட்டை ஒட்டிப் போவதுதான் பத்திரம். ஓரத்தில் மண் சரிவு, சைக்கிள், ஆடு, கதவைத் திறக்கிற ஆட்டோ. அந்தக் கைப்பழக்கம் நாலு வழிக்கு வந்ததும் மீடியனை ஒட்ட வைக்கிறது. யாரும் திமிரில் செய்வதில்லை.

பழக்கத்தை மாற்ற இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. டிப்பர் டிரைவர் அண்ணன் சொன்ன காரணம் எதுவும் இந்தப் புது ரோட்டில் இன்னும் வரவில்லை. சாப்பாட்டுக் கடைகள் முளைப்பதற்கு முன்னால், வண்டிகள் ஓரத்தில் நிற்கப் பழகுவதற்கு முன்னால் இப்போதே பலகை வையுங்கள், ஒரு மாதம் நிறுத்திச் சொல்லுங்கள், அதன் பிறகு சலான் போடுங்கள். அபராதத்தைத் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். திருச்சி ரோட்டில் முதலில் இடது லேனைச் சரிசெய்ய வேண்டும், இங்கே அது ஏற்கனவே சரியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 31

வேளாங்கண்ணியில் கொடி ஏறிவிட்டது. செப்டம்பர் 8 வரை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வழியெங்கும் காவி உடுத்தி நடந்து வருகிறார்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள், மாதா சொரூபம் வைத்த சின்னத் தேரை இழுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். நாகை ரோடு பெரும்பாலும் ரெண்டு வழிதான், அங்கே லேன் பேச்சுக்கே இடமில்லை. நாலு வழி வருகிற இடங்களில் இந்தப் பத்து நாளும் எல்லா வண்டியும் வலது லேனில் மெதுவாகப் போகட்டும். இடது லேன் நடக்கிறவர்களுக்கு. யாராவது பின்னால் லைட் அடித்தாலும் ஒதுங்கி அவர்கள் மேல் ஏறாதீர்கள், அவர் காத்திருக்கட்டும். நான் ஜனவரியிலிருந்து எழுதிவருவதற்கு இது முரண் இல்லை. இடது பக்கம் இருக்கிறவர்களைக் காப்பாற்றத்தானே இத்தனை பேச்சும்.

ராத்திரியில் நடக்கிறவர்களுக்கு முதுகில் ஒட்டுகிற ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் வாங்கிக் கொடுங்கள். மோர்ப் பந்தல் போடுகிறவர்கள் அதையும் சேர்த்துக் கொடுத்தால் புண்ணியம்.

செப்டம்பர் 14

‘எங்கே போய்ச் சொல்வது’ என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி பழுதாகி நின்றாலும், இடது லேனில் லைட் இல்லாமல் லாரி நின்றாலும் 1033க்கு அடியுங்கள், இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். ‘செங்கிப்பட்டி பக்கத்துல’ என்று சொன்னால் அவர்களுக்குப் புரியாது. மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும் எந்தப் பக்கம் போகிற ரோடு என்பதையும் சொல்லுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் பக்கத்தில் இருப்பவரைப் பேசச் சொல்லுங்கள்.

கிராம சபை வருகிறது. ஹைவேயை ஒட்டிய ஊராட்சியில் இருக்கிறவர்கள் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். நான் எங்கள் ஊருக்கு எழுதி வைத்திருப்பது: ஊர்ச்சாலை ஹைவேயில் சேருகிற இடத்தில் வேகத்தடையும் விளக்கும், பஸ் நிற்க ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஓர் இடம், நெல் காயவைக்கப் பொதுக் களம். ‘முந்தாதவர் இடது லேனில் செல்லவும்’ என்று தமிழில் பெரிய எழுத்தில் பலகை, காருக்கும் சேர்த்து. ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே பேசி அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குப் போய்க் கையைத் தூக்கினால் நேரம் இருக்காது. தீர்மான நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாளில் ஒரு பிரதி, நெடுஞ்சாலைத் திட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு பிரதி.